நிலத்தடி எண்ணெயும் கரியமில வாயுவும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சபையிற் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டபோது யான் முதலில் தயங்கினேன். கல்வி, விவாகச் செலவு, நிலவுடைமை, இளைஞர் உத்தியோகம் முதலிய விஷயங்களைக் குறித்து இங்கே ஆண்டுதோறும் வல்லவர் பலர் பேசியிருக்கின்றனர். யானோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பூமியின் அடியிலுள்ள பாறைகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டு, பெரும்பாலும் பிற மாநிலங்களிற் காலங் கழித்தவன். பாறையைப் பற்றிச் சமுதாய சங்கத்தில் என்ன பேசுவது என்று எண்ணினேன். ஆயினும் விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் வயது முதிர்ந்த உறவினர் என்னை விடாது கேட்டுவந்த வினா ஒன்றுண்டு. "பிள்ளே, நம்ம நாட்டிலே எண்ணெய் உண்டுமா?" என்பதே அது. சென்ற இரண்டோர் ஆண்டுகளாக அவ்வினா வேறு உருக்கொண்டு கடற்கரை முழுதும் எழுந்திருக்கின்றது. ஆதலின் அதற்கு விடை கூறுதலையே இன்று என் கடமையாகக் கொள்கின்றேன். என் பேச்சிற் குற்றங் காணின் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். தோவாளை தொடங்கி விளவங்கோடு ஈறாக நம் மாவட்டத்தின் மலைகளும் குன்றுகளும் கடினமான உருமாறிய பாறைகளால் ஆனவை. இவற்றுட் சிறந்தவை கோண்டலைட்டு என்பதும் சார்னோகைட்டு என்பதுமாம். சார்னோகைட்டு என்னும் பெயர், கல்கத்தா நகருக்கு அடிகோலிய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லைக் கொண்டு ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரியார் இட்டது. அக்கல் நம் தமிழ்நாட்டுப் பல்லாவரம் பக்கத்துக் கல்லே என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. இப்பாறைகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா ஆகியவை ஒரே பெருநிலமாய் ஒட்டியிருந்த காலத்திற் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவை கண்ட வெப்பம் எண்ணூறு டிகிரியை ஒட்டியது. எண்ணெய் உண்டாவதற்கு வேண்டும் வெப்பமோ 60 முதல் 150 டிகிரி வரையிலானதே. அதற்கு மேற் போனால் எண்ணெய் வாயுவாகும். இன்னும் மேற் போனால் வெறுங் கரியே எஞ்சும். நம் கோண்டலைட்டுப் பாறைகளில் மினுமினுக்கும் கிராபைட்டு என்னும் கரி, பண்டை உயிர்களின் எச்சம் அங்ஙனம் கருகியதே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. ஆகவே நம் வயலின் அடியிலும் மலையின் அடியிலும் எண்ணெய் இல்லை என்று யான் தயக்கமின்றிச் சொல்வேன். கிணறு வெட்டும்போது நீரின்மேல் மின்னும் படலத்தைக் கண்டு மனப்பால் குடிக்க வேண்டா.

எண்ணெய் இல்லையென்றதனால் நம் நிலம் வறியதென்று கொள்ளுதலும் பிழை. குமரிக் கடற்கரையிற் செந்நிறமும் கருநிறமுமாய்க் கிடக்கும் மணல், தேவியின் மணம் நிகழாமையால் மணவிருந்துக்கு வைத்த அரிசியும் பருப்பும் மணலாயினமையே என்று நம் பாட்டிமார் கூறுவர். சிவந்தது கார்னெட்டு, கறுத்தது இல்மனைட்டு, இவற்றிடையே மோனசைட்டு என்னும் அரிய பொருளும் உண்டு. இவையாவும் நம் மலைப் பாறைகள் சிதைந்து, ஆறுகளால் அடித்துச் செல்லப்பட்டு, அலையாற் கொழிக்கப்பட்டவை. 1909-ஆம் ஆண்டில் ஷாம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டிச் சென்ற மணலிலே மோனசைட்டைக் கண்டறிந்தார். அதனின்று கிடைக்கும் தோரியம் அக்காலத்தில் எரிவாயு விளக்குகளின் மேண்டில் செய்யப் பயன்பட்டது. அதன்பின் மணவாளக்குறிச்சி உலகின் கண்ணிற் பட்டது. நம்மவர் காலமெல்லாம் மிதித்து நடந்த மணலின் மதிப்பைப் பிற நாட்டார் வந்து சொல்ல வேண்டியதாயிற்று. நம் காலடியில் இருப்பதை நாமே அறிந்திராவிடில், அதனை அறிந்தவர் இடும் நிபந்தனைக்கு நாம் தலையசைக்க நேரும். இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

எண்ணெய் எங்கே தங்குகின்றது என்பதை நாஞ்சில் நாட்டார்க்கு விளக்குதல் எளிது. குளத்தை அறிந்தவர்க்கு இது தெரியாததன்று. குளத்துக்கு நீர் வரும் கால் வேண்டும். நீர் நிற்கப் பள்ளம் வேண்டும். கசியாத கரை வேண்டும். நிறைந்தபின் மிகுநீர் கழிய மறுகால் வேண்டும். எண்ணெய்க்கும் இவை நான்கும் வேண்டும். ஆனால் அது தலைகீழாய்க் கவிழ்த்த குளம். கடலடிச் சேற்றிற் புதைந்த நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்து எண்ணெயாகின்றன. நீரினும் இலேசான அவ்வெண்ணெய், நீர் ஊறிய பாறைகளின் இடுக்குகளின் வழியே மேல்நோக்கி ஏறுகின்றது. வழியிற் களிமண் இறுகிய பாறை ஒன்று கவிழ்த்த சட்டிபோல் வளைந்து நின்றால், அதன் அடியிலுள்ள மணற்பாறையில் எண்ணெய் தேங்குகின்றது. களிப்பாறையே அக்குளத்தின் கரை. வளைவின் விளிம்பு எங்கே மற்ற இடங்களினும் உயர்ந்துளதோ அங்கே மிகுதி வழிந்து அப்பாற் போகும், அதுவே மறுகால். பூமிக்குள்ளே ஏரிபோல் எண்ணெய் தளும்பி நிற்கின்றது என்று பலரும் எண்ணுவர். அஃது அங்ஙனமன்று. ஈர மணலில் நீர் ஊறி நிற்பதுபோல் மணற்பாறையின் நுண்ணிய துளைகளிலேயே அது ஊறி நிற்கின்றது. இக்கவிழ்ந்த குளங்களை மேலிருந்தபடியே அதிர்வலைகளைச் செலுத்தி, அவை எதிரொலித்து மீளும் காலத்தை அளந்து, கணக்கிட்டுக் காண்பதே எம்போன்றோர் தொழில்.

இனி, இத்தகைய இடங்கள் நமக்கு அண்மையில் எங்கேயுள? நிலவுலகு பிளந்து இந்தியா பிற கண்டங்களினின்று விலகத் தொடங்கிய காலத்தில், நம் கீழ்க்கரை நெடுகப் பெரும் பள்ளங்கள் விழுந்தன. அவற்றிற் கடலும் ஆறும் கொணர்ந்த வண்டல் பல ஆயிரம் மீட்டர் கனத்துக்குப் படிந்தது. காவேரிப் படுகை எனப்படுவது இதுவே. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லிற் கிடைக்கும் கடற்சிப்பிகளும் இக்கதையைச் சொல்வனவே. 1956-ஆம் ஆண்டில் எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் ஏற்பட்டபின், 1964-இல் காரைக்காலில் துளையிடும் வேலை தொடங்கிற்று. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1980-களில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993-இல் அப்பக்கத்திலேயே சிறியதொரு சுத்திகரிப்பாலையும் எழுந்தது. தெற்கே மன்னார் வளைகுடாவில், இலங்கைக்குரிய பகுதியில், 2011-ஆம் ஆண்டில் ஆழ்கடற் கிணறுகளில் இயற்கை வாயு காணப்பட்டது. ஆயினும் அதனை எடுத்து விற்கும் அளவுக்கு அத்தொழில் வளரவில்லை. 2024 ஜனவரியில் இந்திய அரசாங்கம் தொடங்கிய ஒன்பதாம் ஏலச் சுற்றிலே, கன்னியாகுமரிக்குத் தெற்கே மிக ஆழ்ந்த கடலில் மூன்று பகுதிகள் எண்ணெய், வாயு ஆராய்ச்சிக்கென வைக்கப்பட்டு, பொதுத்துறை நிறுவனத்தைச் சேர்ந்தன. இதனைக் கேட்டு நம் கடற்கரை மீனவர் கொதித்தெழுந்தனர். குமரிமுனைக்குத் தெற்கே வெட்ஜ் மேடு என்னும் வளமிக்க மீன்பிடி நிலம் கடலடியிற் கிடக்கின்றது. 1976-ஆம் ஆண்டு இலங்கையுடன் செய்துகொண்ட உடன்பாட்டால் அது இந்தியாவின் உரிமைக்கு உட்பட்டது. அதற்குக் கேடு வருமோ என்பதே அவர்தம் அச்சம்.

இங்கே ஒரு பேதத்தைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பகுதியை ஏலத்தில் எடுத்தல் வேறு. எண்ணெய் கிடைத்தல் வேறு. அதிர்வலை அளவையும் சோதனைக் கிணறும் முடிந்த பின்னரே உண்மை வெளியாகும். இடப்பட்ட கிணறுகளுட் பல வெறுங்கிணறாய்ப் போதல் எங்கள் தொழிலில் வழக்கமே. ஆகவே நாளையே குமரிக்கடலிற் செல்வம் கொழிக்கும் என்று கூறுவாரும், நாளையே கடல் முழுதும் எண்ணெய் மிதக்கும் என்று கூறுவாரும் ஒருங்கே அவசரப்படுகின்றனர்.

இனி இவ்விஷயத்தின் மறுபக்கத்துக்கு வருவோம். எண்ணெயும் நிலக்கரியும் எரியுமிடத்துக் கரியமில வாயு உண்டாகின்றது. இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முன், காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958-இல் கீலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஹவாய்த் தீவில் அளக்கத் தொடங்கிய காலத்தில் அது சுமார் 315 ஆயிருந்தது. இப்போது 420-க்கு மேல் ஏறிவிட்டது. இவ்வாயு போர்வைபோற் பூமியின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றது. மிகுந்த வெப்பத்திற் பெரும் பகுதியைக் கடலே ஏற்கின்றது. வெதும்பிய கடல் புயலுக்கு வலுவூட்டும் என்பது ஒப்ப முடிந்த உண்மை. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியதையும், கடலுக்குச் சென்றோர் பலர் மீளாமையையும், நம் தோட்டங்களில் ரப்பரும் வாழையும் முறிந்து வீழ்ந்ததையும் இச்சபையில் யார் மறந்திருப்பர்? ஒரு புயலை மட்டும் சுட்டி இதற்கு இஃதொன்றே காரணம் என்று கூறுதல் சாஸ்திரத்துக்கு ஒவ்வாது. ஆயினும் நாம் எந்தத் திசையிற் போகின்றோம் என்பதில் ஐயமில்லை.

அப்படியாயின், எடுத்ததை மீட்டும் பூமிக்குள்ளேயே வைத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, இறுக அழுத்தி, எண்ணெய் இருந்தது போன்ற கவிழ்ந்த குளங்களில் அடைப்பதே அம்முறை. எண்ணூறு மீட்டருக்குக் கீழே வெப்பமும் அழுத்தமும் மிகுதலால் அவ்வாயு நீர்மம்போல் அடர்ந்து சிறிய இடத்தில் அடங்குகின்றது. அங்கே அதனைப் பிணிக்கும் விலங்குகள் நான்கு. மேலேயுள்ள களிப்பாறை தடுப்பது முதலாவது. மணற்பாறையின் நுண்துளைகளில் துளித்துளியாய் அது சிக்கிக்கொள்வது இரண்டாவது. அடியிலுள்ள உப்புநீரிற் கரைவது மூன்றாவது. காலப்போக்கில் பாறையோடு கூடிச் சுண்ணாம்புக் கல் போன்ற கல்லாகவே மாறுவது நான்காவது. முதல் விலங்கு உடனே பூட்டப்படுவது. கடைசி விலங்கு மெல்லப் பூட்டப்படினும் ஒருகாலும் அவிழாதது.

இது கற்பனையன்று. நார்வே தேசத்தார் 1996-ஆம் ஆண்டு முதல் வட கடலில் ஸ்லைப்னர் என்னுமிடத்திற் கடலடிக்குக் கீழே மணற்பாறையில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் வரையில் அடைத்துவந்திருக்கின்றனர். அவர்கள் அறத்தை மட்டும் கருதி இதனைத் தொடங்கவில்லை. 1991-இல் அவ்வரசாங்கம் விதித்த கரியமில வாயு வரியே காரணம். வரி கட்டுவதினும் புதைப்பது மலிவாயிற்று. ஐஸ்லாந்துத் தீவில் 2012-ஆம் ஆண்டில் வாயுவை நீரிற் கரைத்து எரிமலைப் பாறையிற் செலுத்தியபோது, அதிற் பெரும் பகுதி இரண்டே ஆண்டுகளிற் கல்லாய்விட்டது. நம் தக்காணத்துக் கருங்கற் பாறைப் பரப்பும் அத்தகைய எரிமலைக் குழம்பு ஆறியதே. ஆதலின் நம் விஞ்ஞானிகள் அதனையும் ஆராய்கின்றனர். 2022-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சிக்கென மும்பை ஐ.ஐ.டி.யிலும், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி நிலையத்திலும் இரண்டு தேசிய நிலையங்கள் நிறுவப்பெற்றன.

நம் அண்டையிலேயே ஓர் உதாரணமுண்டு. 2016-ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலுள்ள காரவுப்புத் தொழிற்சாலை ஒன்றில், நிலக்கரிக் கொதிகலத்தின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்து, அதனைக் கொண்டே சோடா உப்புச் செய்யும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இதனை உலகப் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. புகழத்தக்கதே. ஆனால் கணக்கையும் பார்த்தல் வேண்டும். ஆயிரம் மெகாவாட் அளவுள்ள நிலக்கரி மின் நிலையம் ஒன்று ஆண்டுக்கு 60 இலட்சம் டன் அளவில் இவ்வாயுவை வெளியிடக்கூடும். தூத்துக்குடி ஆலை பிரித்தது அதில் நூற்றில் ஒரு பங்கே. உலக முழுதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,700 கோடி டன் வெளியாகின்றது. பிரித்தெடுக்கும் ஆலைகளின் சக்தியோ சுமார் 5 கோடி டன். எழுநூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டைக் குடத்தின் கீழே சிறு கிண்ணம் வைத்தாற்போன்றது இது. கிண்ணம் வேண்டாமென்று யான் கூறவில்லை. ஓட்டையை அடைக்காமற் கிண்ணத்தையே காட்டிப் பெருமை பேசுதல் தகாது என்கின்றேன். மேலும் இம்முறையைச் சிலர் கரியமில வாயுவைச் செலுத்தி இன்னும் மிகுதியாக எண்ணெய் எடுப்பதற்கே கையாளுகின்றனர். அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டு முதலே இது நடைபெறுகின்றது. ஆகையால் பேரைக் கேட்டு மயங்காது, எவ்வளவு உள்ளே போகின்றது, அதனால் எவ்வளவு எண்ணெய் வெளியே வருகின்றது என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

தவறிய இடங்களையும் மறைத்தலாகாது. அல்ஜீரியா நாட்டில் இன் சாலா என்னுமிடத்தில் 2004 முதல் 2011 வரை வாயுவைச் செலுத்தினர். பூமியின் மேற்பரப்பு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் உயர்ந்ததை வானத்துச் செயற்கைக் கோள்கள் காட்டின. மேற்பாறையின் உறுதியில் ஐயம் தோன்றவே, செலுத்துவதை நிறுத்திவிட்டனர். வாயு வெளியே வந்து யாருக்கும் கேடு விளையவில்லை; அளந்துகொண்டே இருந்தமையால் காலத்திற் கண்டுகொண்டனர். இதனின்று யாம் கற்ற பாடம் யாதெனில், கண்காணிப்பு இன்றிப் புதைத்தல் கூடாதென்பதே. இவ்வாயு சிறு அளவில் கேடற்றதாயினும், பெருமளவில் தாழ்ந்த இடத்தில் தேங்கின் மூச்சை அடைக்கும். 1986-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலுள்ள நியோஸ் என்னும் ஏரியின் ஆழத்தில் இயற்கையாகவே திரண்டிருந்த இவ்வாயு ஓரிரவிற் பொங்கியெழுந்து, சுற்றுப்புறத்தில் ஆயிரத்தெழுநூறு மக்களுக்கு மேல் மாய்ந்தனர். அது மனிதர் புதைத்த இடமன்று. எனினும் இவ்வாயுவின் இயல்பை நாம் மறவாதிருக்க அஃது உதவும்.

நம் நிலம் இதற்கு உதவுமா என்று கேட்பீர்கள். நம் பாறைகளில் வாயு புகுந்து தங்கத்தக்க துளைகள் இல்லாமையால் உதவாது. எனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. நம் மேற்கு மலைத் தொடரிற் பொன்முடி முதலிய இடங்களிற் கிடைக்கும் சார்னோகைட்டைச் சீவி உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால், படிகங்களுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழிகளில் கரியமில வாயு அடர்ந்து அடைபட்டிருப்பதைக் காணலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அது வெளிவரவில்லை. இயற்கை இவ்வாயுவைச் சிறைப்படுத்த வல்லது என்பதற்கு நம் மலையே சாட்சி. ஆயின் இயற்கைக்கு அவசரமில்லை. ஒப்பந்தக் கெடு இல்லை. மனிதர்க்கு இரண்டும் உண்டு.

இவ்விடத்தில் என் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில் யான் ஒரு நிறுவனத்திற் பணிபுரிந்தேன். அதன் பெயர் இங்கு வேண்டா. கிணற்றிலிருந்து எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய் ஒன்று வயலின் அடியிற் கசிந்து, கதிர் பிடித்த பயிர் கருகிவிட்டது. கசிவு நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் பெற்றுவர என்னை அனுப்பினர். யானும் படம், கணக்கு எல்லாம் எடுத்துச் சென்று, எங்கள் பாறை எவ்வளவு உறுதியானது என்பதை விளக்கத் தொடங்கினேன். அவ்வயலுக்குரிய முதியவர் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டார். பின்பு கறுத்த மண்ணிற் சிறிது எடுத்து என் கையில் வைத்து, "ஐயா! மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் இருப்பது உமக்குத் தெரிகின்றது. மூன்று முழ ஆழத்திற் போகும் குழாயில் ஓட்டை விழுந்தது மட்டும் ஏன் தெரியாமற் போயிற்று?" என்றார். யான் விடை கூறவில்லை. அவர் கையெழுத்திட மறுக்கவில்லை, இட்டார். அதுவே எனக்கு இன்னும் மிகுந்த நாணத்தைத் தந்தது. அன்று மாலையே யான் உள்ளதை உள்ளவாறு எழுதியிருக்க வேண்டும். எழுதினேனில்லை. உத்தியோகம் போய்விடுமோ என்று அஞ்சினேன்.

சகோதரர்களே! அம்முதியவரின் வினாவுக்கு விடை தேடியதன் பயனே இச்சொற்பொழிவு. எண்ணெய் எடுப்பதாயினும் வாயுவைப் புதைப்பதாயினும், கலம் நல்லதா என்பது பாறையைப் பொறுத்தது; காவல் நல்லதா என்பது மனிதரைப் பொறுத்தது. முன்னதைச் சாஸ்திரி சொல்லலாம். பின்னதை மேலே வாழும் மக்களே உறுதி செய்துகொள்ள வேண்டும். இதற்கும் நம் குளமே உவமை. பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. அதனைக் கட்டிய பொறியாளர் மறைந்து நெடுங்காலமாயிற்று. நம் சிற்றூர்க் குளங்களை வெட்டிய அரசர் பெயர் பலவும் மறந்துபோயின. எனினும் வயலுக்கு நீர் வருகின்றது. கரையைப் பார்த்தவர், மடையைத் திறந்து அடைத்தவர், மழை நாளில் இரவெல்லாம் மறுகாலில் விழித்திருந்தவர் ஊராரே. கட்டியவரை நம்பி உறங்கிய ஊரில் கரை உடைந்தது; காவல் வைத்த ஊரில் நின்றது. வாயுவைப் புதைத்த இடத்துக்கோ ஒரு தலைமுறையன்று, பல தலைமுறைக் காவல் வேண்டும். நிறுவனம் அவ்வளவு காலம் வாழுமா? ஒப்பந்தம் வாழுமா? ஊர் வாழும்.

ஆதலின் குமரிக்கடலில் எவர் துளையிட வரினும், நாளை எவர் வாயுவைப் புதைக்க முன்வரினும், நம் சங்கம் மூன்று வினாக்களை எழுத்து மூலமாகக் கேட்க வேண்டுமென்று பிரேரேபிக்கின்றேன். ஒன்று: அளவைகளையும் சூழல் ஆய்வின் அறிக்கைகளையும் தமிழில், படித்தறியத்தக்க நடையில், ஊராட்சி தோறும் வைப்பீர்களா? இரண்டு: கேடு நேர்ந்தால் எவர், எவ்வளவு காலத்துக்குள், எந்த நிதியிலிருந்து ஈடு செய்வர் என்பதை முன்னதாகவே பதிவு செய்வீர்களா? மூன்று: கண்காணிக்கும் குழுவில் மீனவர்க்கும் உழவர்க்கும் இடமும், அளவைக் கருவிகளின் கணக்கைப் பார்க்கும் உரிமையும் உண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை வாராதவரை நாம் சம்மதிக்க வேண்டுவதில்லை. வந்தபின்னும் கண்ணை மூடிச் சம்மதிக்க வேண்டுவதில்லை. காவேரிப் படுகையில் 2017-ஆம் ஆண்டில் நெடுவாசல் மக்கள் எழுப்பிய குரலும், அதன் பின் 2020-இல் தமிழக அரசாங்கம் டெல்டாப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் இயற்றியதும், மக்கள் வினவினால் அரசாங்கமும் செவி சாய்க்கும் என்பதைக் காட்டும்.

இதனைக் கேட்பது மீனவர் காரியம். நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். கடலோரத்தார் நம் சமூகத்தார் அல்லர் என்று வாளாவிருத்தல் பெருந் தவறு. நம் வயல் நெல்லும் அவர்தம் வலை மீனும் ஒரே சந்தையிற் கூடுகின்றன. கடல் வெதும்பின் மழை தவறக்கூடும். மழை தவறின் நம் குளம் வற்றும். ஒரு சமூகத்தின் சங்கம் தன் உறுப்பினரின் நலத்தை மட்டுமே நாடி நிற்குமாயின் அது வேலியைப் போன்றது. அண்டை வீட்டார் துன்பத்துக்கும் குரல் கொடுக்குமாயின் அது நிழல் மரத்தைப் போன்றது. நம் சங்கம் மரமாக வேண்டும்.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பல்லாயிரவர் வளைகுடா நாடுகளின் எண்ணெய்த் தொழிலில் உழைக்கின்றனர். குழாய் பொருத்துகின்றனர், கொதிகலம் காக்கின்றனர், கணக்கெழுதுகின்றனர். ஆயினும் பாறையைப் படித்து, இங்கே துளையிடலாம், இங்கே ஆகாது என்று முடிவு சொல்லும் நிலையில் இருப்போர் மிகச் சிலரே. மருத்துவமும் பொறியியலும் கிடையாதபோது எடுத்துக்கொள்ளும் படிப்பாகவே பூகர்ப்ப சாஸ்திரத்தை நம்மவர் கருதுகின்றனர். இக்கருத்து மாறவேண்டும். எண்ணெய் ஓய்ந்தாலும் இந்தச் சாஸ்திரம் ஓயாது. நிலத்தடி நீரைக் காணவும், வாயுவைப் புதைக்கத் தக்க இடத்தைத் தேரவும், புதைத்ததைக் காக்கவும் இதே அறிவு வேண்டும். பெண் மக்களும் இதனைக் கற்கலாம். என்னோடு பணிபுரிந்தாருட் கூர்மையான கண்ணுடையார் சிலர் பெண்மணிகளே. நம் சங்கத்துக் கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கேனும் இப்படிப்புக்கு உதவி வழங்குமாறு காரியக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கின்றேன். முதல் ஐந்தாண்டுக்கு அதிற் பாதித் தொகையை யானே செலுத்தச் சித்தமாயிருக்கின்றேன். அங்ஙனம் படித்து வருவோரிடம் சங்கம் கேட்க வேண்டும் வாக்குறுதி ஒன்றே. கண்டதைக் கண்டவாறு எழுத வேண்டும்; அஞ்சியும் ஆசைப்பட்டும் எழுதாமல் விடலாகாது.

"நம்ம நாட்டிலே எண்ணெய் உண்டுமா?" என்று என்னைக் கேட்ட முதியோருட் பலர் இன்று இல்லை. எஞ்சியோருக்கு என் விடை இது: வயலின் அடியில் இல்லை; கடலின் அடியில் உண்டா என்பது இனிமேற்றான் தெரியும். உண்டெனினும் இல்லையெனினும், கரையைக் காக்கும் காவல் நம்முடையது.